யார் யாருடன் அமர்வது: தமிழ் நகைச்சுவைப் பயணப் படங்களும் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பேருந்து வரலாறும்

பயணம் தடம்புரள்வதைக் கருவாகக் கொண்ட நகைச்சுவைப் படங்களைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் போக்கு திரைப்பட ஆய்வில் உண்டு. அவை எந்தச் சமூகத்தின் பயணத்தைக் காட்டுகின்றன, எதனைக் காட்டாமல் விடுகின்றன என்னும் வினா அப்போது எழாமலே போகிறது. ஹாலிவுட்டில் 1983இல் வெளிவந்த ‘நேஷனல் லாம்பூன்ஸ் வெக்கேஷன்’ படத்தில், ஒரு குடும்பம் நெடுந்தொலைவு காரில் சென்று சேரும் கேளிக்கைப் பூங்கா மூடிக் கிடக்கிறது. கெட்டுப்போன விடுமுறையே அங்கு நகைப்பின் ஊற்று. தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் கெடுவதற்கு விடுமுறையே இல்லை. பிழைப்புக்காகவோ தப்பி ஓடவோ வீடு திரும்பவோ மக்கள் வண்டி ஏறுகின்றனர்; அறிமுகமற்றவர்கள் ஒரே வண்டிக்குள் அடைபடுவதே சிரிப்புக்குக் காரணமாகிறது.

இவ்வேறுபாடு அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்திலிருந்து நோக்குவோருக்குத் தெளிவாகப் புலப்படும். குண்டாற்றில் நீர் ஓடும் நாள்கள் குறைவு. கண்மாயையும் மழையையும் நம்பிய வானம் பார்த்த பூமி இது. சந்தை, தறி, கூலி, நல்லது கெட்டது, ஆடிக் கடைசி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் என ஒவ்வொரு பயணத்துக்கும் இங்கு ஒரு காரணம் இருந்தது. விருதுநகர் – மானாமதுரை இருப்புப்பாதை இவ்வூர்களைத் தொட்டுச் சென்றபோதிலும் அன்றாடப் போக்குவரத்தைச் சுமந்தது பேருந்துதான்.

1966ஆம் ஆண்டு இவ்வாய்வுக்கு ஒரு தொடக்கப் புள்ளி. அவ்வாண்டுப் பொங்கலுக்கு ஏ.வி.எம். நிறுவனத்தின் முதல் வண்ணப்படமான ‘அன்பே வா’ வெளிவந்தது. ஓய்வு தேடிச் சிம்லாவிலுள்ள தன் மாளிகைக்குச் செல்லும் செல்வர், காவலாள் அதனைப் பிறருக்கு வாடகைக்கு விட்டிருப்பதைக் கண்டு, தான் யாரென்று சொல்லாமல் தன் வீட்டிலேயே வாடகைக்குத் தங்குகிறார். ‘கம் செப்டம்பர்’ (1961) என்னும் ஆங்கிலப் படத்தின் தழுவலான இது, விடுமுறை கெடும் மேலைநாட்டு வகையைச் சார்ந்தது. (அதன் நாயகர் எம்.ஜி.ஆர். பதினோராண்டுகளுக்குப் பின், 1977இல், அருப்புக்கோட்டைத் தொகுதியில் வென்று முதலமைச்சரானார். பனிமலை விடுமுறைக்காரராகத் திரையில் தோன்றியவரை ஒரு வறண்ட நிலத் தொகுதி தேர்ந்தெடுத்தது தனியாக ஆராயத்தக்கது.)

அதே ஆண்டின் இறுதியில் திருமலை – மகாலிங்கம் இயக்கத்தில், ரவிச்சந்திரன், கல்பனா, நாகேஷ் ஆகியோர் நடிப்பில் ‘மதராஸ் டூ பாண்டிச்சேரி’ வெளிவந்தது. ‘அன்பே வா’வில் காவலாளாக வந்த நாகேஷ் இதில் பேருந்து நடத்துநர். வீட்டைவிட்டு ஓடிவந்த பெண்ணொருத்தி ஏறும் அப்பேருந்தில், ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவே ஒரு முழுப் படத்துக்குப் போதுமானதாகிறது. வழி நீள்வதற்குக் காரணம் தொலைவன்று, பயணிகள். தீனி கேட்டு நச்சரிக்கும் பிள்ளையாக நடித்த காதருக்குப் ‘பக்கோடா’ என்னும் அடைமொழி நிலைத்தது இப்படத்தால்தான். 1972இல் இது ‘பாம்பே டூ கோவா’ என இந்தியில் மறுவாக்கம் பெற்றது.

அவ்வாண்டில்தான் தமிழ்நாட்டில் தனியார் பேருந்துத் தடங்கள் அரசுடைமையாக்கப்பட்டு, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. பயணிகளோடு உறவு கொண்டாடி, வேண்டியவருக்காக வண்டியை நிறுத்தி, வேண்டாதவரை விரட்டும் நாகேஷின் நடத்துநர், முதலாளியின் வண்டியில் பணிசெய்த ஒரு மனிதவகை. அவ்வகையில் ‘மதராஸ் டூ பாண்டிச்சேரி’ ஓர் ஆவணமுமாகும்.

எனினும் அவ்வாவணத்தில் ஒரு விடுபடல் உள்ளது. வயது, பசி, பேச்சுவழக்கு, கஞ்சத்தனம் ஆகியவற்றால் பயணிகள் வேறுபடுகின்றனர். யார் யாருக்குப் பக்கத்தில் அமரலாம் என்பது மட்டும் சிக்கலாவதில்லை. முதுகுளத்தூர்க் கலவரம் நிகழ்ந்து ஒன்பது ஆண்டுகளே கழிந்திருந்த காலம் அது. இதனைப் பொய் என்று தள்ளுவது எளிது. ஆனால் இருக்கை அனைவருக்கும் பொது என்று ஏற்றுக்கொண்ட பின்னரே அந்த நகைச்சுவை தொடங்க முடியும்.

கங்கை அமரனின் ‘கரகாட்டக்காரன்’ (1989) இவ்விடுபடலை வேறு வகையில் கையாள்கிறது. ஊர் ஊராகத் திருவிழாவுக்குச் செல்லும் ஆட்டக் குழுவினர் பழைய காரொன்றை வாங்குகின்றனர். அது அவர்களைச் சுமப்பதைவிட அவர்கள் அதனைத் தள்ளும் நேரமே மிகுதி. காரின் முந்தைய உடைமையாளர் பற்றிய கேள்வியால் கவுண்டமணி சீறும் காட்சி இன்றும் பேசப்படுகிறது. கலைஞர்கள் பொதுப் பேருந்தில் ஏறாமல் தமக்கென ஒரு வண்டியில் செல்வதால், உடன் பயணிப்போர் யார் என்னும் கேள்வியே எழுவதில்லை. அவர்களுடைய தகுதி, சென்று சேரும் ஊரின் கோயில் திடலில்தான் அளக்கப்படுகிறது.

திரையில் விடுபட்டது 1997இல் சாலையில் வெளிப்பட்டது. விருதுநகர் மாவட்டத்துக்கெனத் தொடங்கப்பட்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்குத் தமிழக அரசு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியது. கட்டபொம்மனின் படைத்தலைவரான அவரைத் தேவேந்திரகுல வேளாளர் தம் முன்னோராகப் போற்றுகின்றனர். அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏற மாட்டோம் என இடைநிலைச் சாதியினரில் ஒரு சாரார் மறுத்தனர், பேருந்துகள் தாக்கப்பட்டன, தென்மாவட்டங்களில் கலவரம் பரவி உயிர்கள் பலியாயின. அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கிய அதே மாவட்டத்தில், பயணம் கெடுவதற்கு வண்டி பழுதாக வேண்டியிருக்கவில்லை. வண்டியின் மேல் எழுதிய பெயரே போதுமானதாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கியது. பாண்டியன் பெயரும் அதனுடன் போயிற்று. ஒரு பெயரை ஏற்க மறுத்தவர்களைத் திருத்துவதைவிட எல்லாப் பெயர்களையும் அழிப்பது அரசுக்கு எளிதாக இருந்தது என்றே கொள்ள வேண்டியுள்ளது.

இதற்குப் பின் வந்த படங்களை 1997இன் நேரடி விளைவாகக் காட்டச் சான்றில்லை. ஆயினும் வண்டிக்குள் நிகழ்ந்த மாற்றம் நோக்கத்தக்கது. வெள்ளத்தால் புவனேசுவரத்தில் சிக்கிச் சென்னை திரும்ப முயலும் இருவரைப் பற்றிய ‘அன்பே சிவம்’ (2003), வண்டிக்குள்ளிருந்த கூட்டத்தை இருவராகச் சுருக்கி, அவர்களிடையேயுள்ள வர்க்க வேறுபாட்டை வெளிப்படையாகப் பேசவைக்கிறது. மலையாளத்தின் ‘ஈ பறக்கும் தளிக’யைத் தமிழில் தாஹாவே மீண்டும் இயக்கிய ‘சுந்தரா டிராவல்ஸ்’ (2002) படத்தில் முரளிக்கும் வடிவேலுவுக்கும் ஒரு காயலாங்கடைப் பேருந்து சொந்தம். ‘மதராஸ் டூ பாண்டிச்சேரி’யைப் போலவே இதிலும் ஓடிவந்த பெண்ணொருத்தி வண்டியில் அடைக்கலம் புகுகிறாள். ஆனால் நாகேஷ் சமாளித்த பயணிக் கூட்டம் இங்கு மையத்தில் இல்லை. வடிவேலுவின் ஓயாத போர் ஓர் எலியோடுதான். பேருந்தின் பெயர் ‘சுந்தரா’. விருதுநகரில் அழிக்கப்பட்ட பெயரோடு அது கொண்டுள்ள ஒலியொப்புமை தற்செயலானதே.