வாப்பாவின் றலியும் அதன் சக்கரங்களும்

2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த ஏனையோருக்கு எரிபொருள் விற்பதை அரசாங்கம் இரு வாரங்களுக்கு நிறுத்தியது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, அக்கரைப்பற்றில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் சாய்ந்து கிடந்த வாப்பாவின் பழைய றலி சைக்கிளை வெளியே எடுத்தேன். சட்டம் உறுதியாகவே இருந்தது. சக்கரங்களைத் தூக்கிச் சுழற்றியபோது இரண்டும் உதவாது என்பது தெரிந்துவிட்டது. றிம்மின் கம்பித் துளைகளைச் சுற்றித் துரு தின்றிருந்தது.

அவற்றை மாற்றுவதற்காக அலைந்த நாட்களில், அந்தச் சைக்கிளின் சக்கரங்கள் இதற்கு முன்னர் எப்போதெல்லாம் மாற்றப்பட்டன என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஊரின் அறுபது வருட வரலாறு அதில் அடங்கியிருந்தது.

வாப்பா ஆசிரியராக முதல் நியமனம் பெற்ற 1958இல் வாங்கிய சைக்கிள் அது. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரில் 1888இல் தொடங்கப்பட்ட நிறுவனம் றலி. அதே ஆண்டில்தான் பெல்பாஸ்ட் நகரில் டன்லொப் என்ற மிருக வைத்தியர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நாடுகளெங்கும் சென்ற கறுப்பு நிறச் சைக்கிள்கள் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தவை போலிருந்தன. 28 அங்குலச் சக்கரம், கேபிளுக்குப் பதிலாக இரும்புத் தண்டுகளால் இயங்கும் பிரேக், முன்சக்கரத்தில் 32 கம்பிகள், பின்சக்கரத்தில் 40 கம்பிகள். ஓட்டுபவரின் பாரமும் கரியலில் ஏற்றும் மூட்டையின் பாரமும் பின்சக்கரத்திலேயே விழும் என்பதால் அங்கே கம்பிகள் அதிகம்.

அந்த பிரேக்கைப் பற்றி இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். இன்றைய சைக்கிள்களில் பிரேக் கட்டை றிம்மின் பக்கவாட்டை நெரிக்கிறது. றலியிலோ பிரேக் கட்டை றிம்மின் உட்புறத்தை, அதாவது அச்சை நோக்கிய பக்கத்தை, அழுத்தும். அதற்கேற்ப அந்த றிம்மின் ஓரங்கள் உருண்டு வளைந்திருக்கும். தட்டைப் பக்கமுள்ள புதிய றிம்மைப் பூட்டினால் சக்கரம் ஓடும், பிரேக் பிடிக்காது. எனவே பழைய சைக்கிளுக்குப் பழைய வடிவமான றிம்தான் வேண்டும்.

முதற்சோடி றிம்கள் 1970களின் தொடக்கத்தில் தேய்ந்தன. கடற்காற்றும் மணலும் குரோம் பூச்சை விட்டுவைப்பதில்லை. அது 1970 முதல் 1977 வரையிலான இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். டயர் கிடைப்பதே அரிதாக இருந்த நாட்களில் றிம்முக்கு எங்கே போவது? விபத்தில் சட்டம் முறிந்த இன்னொரு சைக்கிளின் றிம்கள் வாப்பாவின் சைக்கிளுக்கு வந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் இந்திய உதிரிப்பாகங்கள் தாராளமாக வந்தன. எண்பதுகளில் இந்திய றிம் ஏறியது.

நொட்டிங்ஹாமின் அச்சுக்கூட்டில் இந்திய றிம் எப்படிப் பொருந்தியது? 1949இல் தொடங்கப்பட்ட சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ், லூதியானாவில் 1956இல் உருவான ஹீரோ போன்ற நிறுவனங்கள் பிரித்தானிய அளவுகளையே பின்பற்றின. அதே 28 அங்குலம், அதே 32, அதே 40. நொட்டிங்ஹாமில் றலி சைக்கிள் செய்வது 2002இல் நின்றுபோனது. ஆனால் அந்த அளவு இந்தியாவில் உயிரோடிருந்தது. ஆகவேதான் எங்கள் சைக்கிளும் பிழைத்தது.

அளவு மட்டும் போதாது, கையும் வேண்டும். கம்பி பாரத்தைத் தூண்போலத் தாங்குவதில்லை, இழுத்துப் பிடிக்கிறது. ஒரு கம்பி அளவுக்கு மீறி இறுகினால் றிம் அந்தப் பக்கம் நெளியும். தளர்ந்தால் பக்கத்துக் கம்பி அறும். காற்றுத் துளையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு நிப்பிளையும் கால் சுற்று, கால் சுற்றாக முடுக்கி, கம்பியை விரலால் தட்டி ஓசை கேட்டு நெளிவு எடுக்க வேண்டும். எங்கள் பகுதியில் அதில் கைதேர்ந்தவர் ஆலையடிவேம்புப் பக்கத்தில் கடை வைத்திருந்த ஒரு தமிழர். நாங்கள் அவரை அண்ணன் என்போம். அவர் வாப்பாவை மாஸ்டர் என்பார்.

1985 ஏப்ரல் கலவரத்தின் பின்னரும் வாப்பா அவரிடம் போவதை நிறுத்தவில்லை. 1990 ஜூனில் மீண்டும் யுத்தம் வெடித்தபோது எங்கள் பின்சக்கரம் அவரிடம் கம்பி கட்டுவதற்காக இருந்தது. அதன்பின் கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் தெருவில் மற்றவர் கால்வைக்க அஞ்சிய நாட்கள் வந்தன. அந்த ஆகஸ்ட்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். தமிழ்க் கிராமங்களிலும் பழிவாங்கல்கள் நடந்தன. சில நிமிடத் தூரத்திலிருந்த அந்தக் கடை எங்களுக்கு வேறு நாடாகிவிட்டது. கடை எரிந்துவிட்டதென்றும் அண்ணன் குடும்பத்துடன் இடம்பெயர்ந்துவிட்டாரென்றும் அறிந்தோம். ஒற்றைச் சக்கரத்துடன் சைக்கிள் கொட்டிலில் நின்றது.

1995 ஜனவரியில் அரசும் புலிகளும் சண்டையை நிறுத்தினர். ஏப்ரலில் அது முறிவதற்கு முன்னரான அந்தச் சில மாதங்களில் ஒருநாள், அண்ணன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கரியலில் எங்கள் பின்சக்கரம் கட்டப்பட்டிருந்தது. வேலைக்காக வீட்டுக்கு எடுத்துச் சென்றிருந்ததால் அது தீயிலிருந்து தப்பியிருந்தது. வாப்பா பணத்தை எடுத்து நீட்டினார். அண்ணன் எண்ணிப் பார்த்துப் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தார். “பாதிக் கூலி முன்னமே தந்துட்டீங்க மாஸ்டர். மிச்சப் பாதிதான் எனக்கு வரோணும்” என்றார். 1990இன் கூலியில் பாதி. இருவரும் தேநீர் குடித்தார்கள். நடந்தவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனம் சரியா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்நாட்களில் ஒரு சைக்கிளைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க முடியாது. உப்புநீரில் கிடந்த சக்கரங்களை எவரும் கழுவவில்லை. டியூபுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், துரு தொடங்கியது. தொண்டு நிறுவனங்கள் புதிய சைக்கிள்களை வழங்கின. றலி கொட்டிலுக்குப் போனது.

2022இல் நான் மூன்று கடைகளில் கேட்டேன். அச்சுக்கூட்டை வீசிவிட்டு ஆயத்தச் சக்கரம் வாங்கச் சொன்னார்கள். நான்காவது கடையில் ஒரு முதியவர் அச்சுக்கூட்டைக் கழுவி, கிறீஸ் இட்டு, கையால் சுழற்றிப் பார்த்துவிட்டு, “இது இன்னும் ஒரு ஆயுசு ஓடும் தம்பி” என்றார். இந்திய றிம்களைத் தேடியெடுக்க எட்டு நாட்கள். கம்பி கட்ட ஒரு பகல். அவருக்கு அருகே தொழில் பழக எவரும் இருக்கவில்லை.

வாப்பாவும் அண்ணனும் இன்று இல்லை. சட்டத்தைத் தவிர 1958இலிருந்து மாறாதிருப்பவை அந்த இரு அச்சுக்கூடுகள் மட்டுமே. ஒரு பழம்பொருள் பிழைத்திருக்க உதிரிப்பாகம் வேண்டும், அதைப் பூட்டத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கைவரை போய்வரத் தெரு திறந்திருக்கவும் வேண்டும். மூன்றில், எங்களிடம் அதிக காலம் இல்லாமற்போனது தெருதான்.