சிறுகோள் குறியீடும் உள்ளீட்டுச் சரிபார்ப்பு விதியும்

சவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். இராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். 4130 என்ற எண்ணையும் கணிதமேதை இராமானுஜன் பெயரையும் அது பின்னரே பெற்றது. அதற்கு முன் அதன் தற்காலிகக் குறியீடு '1988 டிகியூ1'. இதில் உள்ளவை உரோமன் எழுத்துகள். இங்கே ஒலிப்பில் தரப்பட்டுள்ளன.

1925 முதல் வழங்கும் இம்முறையில், முதலில் ஆண்டு. அடுத்த எழுத்து அரை மாதத்தைக் குறிக்கும்: 'ஏ' சனவரி 1–15, 'டி' பிப்ரவரி 16 முதல் மாத இறுதி வரை. அதற்கடுத்த எழுத்து அந்த அரை மாதத்தில் வரிசை. 1 என்ற எண்ணோடு குழம்பும் 'ஐ' இரண்டு இடத்திலும் விலக்கப்பட்டது. ஆகவே வரிசைக்கு 25 எழுத்துகள். அவை தீர்ந்தால் மறுசுற்று, சுற்றின் எண் கடைசியில் வரும். 'கியூ' 16ஆம் எழுத்து. 25 + 16, அதாவது 41ஆம் குறியீடு.

இக்குறியீட்டை நிரலில் உள்ளிடும்போது, நீளத்தையும் எழுத்து, எண் வகையையும் மட்டும் பார்க்கும் ஆயத்தச் சோதனைகள் '1988 டிஐ1' என்பதையும் ஏற்றுவிடும். 'ஐ'யை விலக்கத் தனிவிதி வேண்டும். அதுவும் போதாது. நாள் மார்ச் 3 என்றிருந்தால் 'டி' தவறு. இரு புலங்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிழை தெரியும். இங்குதான் பொருள் நோக்கு நிரலாக்கம் கைகொடுக்கிறது. குறியீடும் நாளும் ஒரே வகுப்பில் இருக்கும். பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டர் இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் பொருளை உருவாக்க மறுக்கும். தரவு வடிவம் எப்போதும் காக்க வேண்டிய நிபந்தனை என்ற கருத்தை டோனி ஹோர் 1972இல் முன்வைத்தார். பெர்ட்ராண்ட் மேயர் ஐஃபெல் மொழியில் அதை வகுப்பின் உறுப்பாகவே ஆக்கினார். அதை விளக்கும் அவரது நூலின் முதற்பதிப்பு வெளிவந்ததும் 1988இல்தான்.

ஒப்பிடும் நாள் உலக நேரப்படி இருக்க வேண்டும். பிப்ரவரி 16 அதிகாலை 4 மணிக்குக் காவலூரில் கண்ட சிறுகோளுக்கு உலக நேரம் பிப்ரவரி 15 இரவு 10.30, எழுத்து 'டி' அன்று, 'சி'. இதை மறந்த விதி சரியான பதிவையே தள்ளிவிடும்.

விதியும் காலத்தோடு மாறும். கணினிக் கோப்புகளுக்கென ஏழிடச் சுருக்க வடிவம் ஒன்று உண்டு; இராமானுஜன் அதில் 'ஜே88டி01கியூ'. சுற்றெண்ணுக்கு இரண்டே இடம். சுற்று 99ஐத் தாண்டியதும் முதலிடத்தில் எழுத்து வந்தது: '1998 எஸ்வி127' என்பது 'ஜே98எஸ்சி7வி', 'சி' 12ஐக் குறிக்கும். அங்கே எண் மட்டுமே வரலாம் என்ற பழைய விதி மெய்யான சிறுகோள்களை நிராகரிக்கும். விதி வகுப்புக்குள் ஓரிடத்தில் இருந்தால் அங்கே திருத்தினால் போதும். உள்ளீட்டுப் படிவம், கோப்பு வாசிப்பு, தரவுத்தளம் எனச் சிதறியிருந்தால் ஏதேனும் ஒன்று விடுபடும். வேடிக்கை என்னவென்றால், விலக்கப்பட்ட அந்த 'ஐ' சுருக்க வடிவின் முதலிடத்தில் செல்லும். அங்கே அது 18 எனும் நூற்றாண்டு இலக்கங்களைக் குறிக்கிறது.