இருபதாயிரம் பிள்ளைகளின் எடை

முதுகலை படிக்க டப்ளினுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், காற்று திரும்பும் நாள்களில் லிஃபி ஆற்றங்கரையில் ஒரு வாசம் வரும். கொஞ்சம் கருகல், கொஞ்சம் இனிப்பு. அறையில் கூட இருந்த கும்பகோணத்துக்காரன், “யாரோ காப்பிக்கொட்டையைத் தீய விட்டுட்டான்டா” என்பான். கின்னஸ் ஆலையில் பார்லி வறுபடும் வாசம் என்று பிறகு தெரிந்தது. புள்ளியியல் வகுப்பில் நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்த சோதனை அந்த ஆலையில் வேலை பார்த்தவர் உருவாக்கியது என்று தெரியவர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. பாடப்புத்தகத்தில் ‘ஸ்டூடண்ட் டி சோதனை’ என்று போட்டிருந்தது. மாணவர்களுக்கான எளிய சோதனை போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

ஸ்டூடண்ட் என்பது புனைபெயர். ஆளின் பெயர் வில்லியம் சீலி காஸெட். 1876இல் கேன்டர்பரியில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு 1899இல் கின்னஸில் சேர்ந்தார். அவருக்கிருந்த சிக்கல் எந்த விவசாயிக்கும் புரியக்கூடியது. புதிய பார்லி இரகம் ஒன்றை நான்கு வயல்களில் விதைத்துப் பார்க்கலாம். நானூறு வயல்களில் முடியாது. அன்றைய புள்ளியியலோ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அளவீடுகள் இருந்தால்தான் வாயைத் திறக்கும். நான்கே அளவீடுகளின் சராசரியை எவ்வளவு நம்பலாம்?

1906இல் ஆலை அவரை லண்டனுக்கு, கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. அங்கே கிடைத்த விடையை 1908இல் பியர்சனின் ‘பயோமெட்ரிகா’ இதழில் வெளியிட்டார். ஆலை ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கூடாது என்பதால் ஸ்டூடண்ட். கணிதத்தில் ஒரு படியை அவர் ஊகித்துத்தான் தாண்டினார். முறையான நிரூபணம் பின்னால் ரொனால்ட் ஃபிஷரிடமிருந்து வந்தது. ஊகம் சரியா என்று பார்க்க காஸெட் செய்த வேலைதான் எனக்குப் பிடித்தது. 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் அச்சில் கிடைத்தன. அவற்றை 3000 அட்டைகளில் எழுதினார். நன்றாகக் கலைத்தார். நான்கு நான்காக எடுத்து, 750 குழுக்களுக்கும் கையால் கணக்குப் போட்டு, தன் சூத்திரம் சொன்ன வளைகோட்டோடு ஒப்பிட்டார். நான் நான்கு வரி நிரல் எழுதி, டீ ஆறுவதற்குள் முடிக்கிற காரியம்.

சோதனையின் தர்க்கம் கொஞ்சம் வக்கீல்தனமானது. இரண்டு குழுவுக்கும் உண்மையில் வேறுபாடே இல்லை என்று முதலில் ஒப்புக்கொள். அப்படியானால் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாகக் கண்ணில் பட எத்தனை வாய்ப்பு? வாய்ப்பு மிகக் குறைவென்றால், ஒப்புக்கொண்டதைக் கைவிடு. ஃபிஷரின் 1925ஆம் ஆண்டுப் புத்தகத்துக்குப் பிறகு அந்த ‘மிகக் குறைவு’ என்பது நூற்றில் ஐந்து என்று வழக்கமாகிவிட்டது. காஸெட் அப்படி ஒரே கோடு போட்டவர் அல்ல. எவ்வளவு உறுதி வேண்டும் என்பது, தவறினால் எவ்வளவு பணம் போகும் என்பதைப் பொறுத்தது என்பார். சம்பளத்துக்கு வேலை பார்த்தவரின் புத்தி.

எனக்கு அந்தப் புத்தி வாய்க்கவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு கிடங்கு நிறுவனத்துக்கு ஆலோசகராகப் போனேன். பொருளெடுக்கும் மென்பொருளை மாற்றியிருந்தார்கள். பழையது, புதியது இரண்டிலும் ஓர் ஆர்டருக்கு எத்தனை நிமிடம் என்று பதிவாகியிருந்தது, நாற்பதாயிரம் ஆர்டர்கள். டி சோதனை போட்டேன். புள்ளிக்குப் பின் நான்கு பூஜ்யம். வண்ணம் தீட்டி ஒரு ஸ்லைடு செய்தேன். அதைக் காட்டி இரவுப் பணியில் ஆள் குறைத்தார்கள். எல்லாருக்கும் புது மென்பொருள் வந்த பிறகு நேரம் குறையவே இல்லை. டீ குடிக்கும்போது மேற்பார்வையாளர் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார்: புதுசு எதுவானாலும் முதலில் கெட்டிக்காரர்களிடம்தானே கொடுப்போம்? நான் அளந்தது மென்பொருளை அல்ல, ஆட்களை. யாரைப் பிரித்தது யார் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கவில்லை.

வெட்கத்தில் பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தபோதுதான், 1931இல் காஸெட் ‘பயோமெட்ரிகா’வில் எழுதியது கிடைத்தது. ஸ்காட்லாந்தின் லானர்க்‌ஷர் நிலக்கரிச் சுரங்கங்களின் மாவட்டம். 1930 பிப்ரவரி முதல் ஜூன் வரை, 67 பள்ளிகளில் 20,000 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. 10,000 பேருக்குத் தினமும் முக்கால் பைன்ட் பால். பாதிப் பேருக்குப் பச்சைப்பால், பாதிப் பேருக்குப் பதப்படுத்தியது. மீதி 10,000 பேருக்குப் பால் இல்லை. தொடக்கத்திலும் முடிவிலும் உயரமும் எடையும் எடுத்தார்கள். பால் குடித்தவர்கள் கூடுதலாக வளர்ந்தார்கள் என்றும், இரண்டு பாலும் ஒன்றுதான் என்றும் அறிக்கை வந்தது.

நான்கு அளவீடுகளுக்காக வாதாடியவர், இருபதாயிரத்தை நம்பவில்லை. பிள்ளைகளைச் சீட்டுப் போட்டோ அகர வரிசையிலோ பிரிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் ஒரு குழுவில் நன்றாகச் சாப்பிடும் பிள்ளைகளோ நோஞ்சான் பிள்ளைகளோ அதிகமாகத் தெரிந்தால் ஆசிரியர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தார்கள். ஏழைப் பிள்ளை முன்னால் நிற்கும்போது எந்த ஆசிரியரின் கை சும்மா இருக்கும்? தொடக்க நாளிலேயே, பால் கிடைக்காத குழு எடையில் சுமார் மூன்று மாத வளர்ச்சியும் உயரத்தில் நான்கு மாத வளர்ச்சியும் முன்னால் நின்றது.

காஸெட் இன்னொன்றும் கவனித்தார். பிள்ளைகளை உடுப்போடுதான் நிறுத்தியிருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை பிப்ரவரியில் கனமாக உடுத்தி ஜூனில் மெல்லிசாக உடுத்தும். ஏழைப் பிள்ளைக்கு இரண்டு பருவத்துக்கும் ஏறக்குறைய ஒரே துணி. பால் கிடைக்காத குழுவில் வசதியானவர்கள் அதிகம் என்றால், அவர்கள் கழற்றிய கம்பளியும் எடைக் குறைவாகக் கணக்கில் ஏறியிருக்கும். தராசுக்கும் சோதனைக்கும் அது தெரியாது. எண்ணிக்கையைக் கூட்டியிருந்தால் இந்தப் பிழை போயிருக்காது. பிழையின் மேல் நம்பிக்கைதான் கூடியிருக்கும்.

அவர் சொன்ன மாற்று சிக்கனமானது. ஒரே முகமாகப் பிறந்த இரட்டையர் 50 ஜோடி போதும். ஒவ்வொரு ஜோடியிலும் யாருக்குப் பால் என்று காசு சுண்டித் தீர்மானிக்க வேண்டும். செலவு நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் ஆகும், முடிவும் இன்னும் உறுதியாக இருக்கும் என்றார். கணக்கில் அவர் சொன்னது சரி. நானும் இப்போது கோப்பைத் திறக்கும் முன் குழுவை யார் பிரித்தது என்று கேட்கிறேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு எரிச்சல் வருகிறது. ஆனாலும் அந்த ஜோடிகளை நினைக்கும்போது, காசு மறுபக்கம் விழுந்த பிள்ளை என் கண்ணில் நிற்கிறான். வகுப்பில் பால் வரும் நேரம், பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை, தன் முகமேயான இன்னொருவன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்திருப்பான்.