'வேண்டாம்' என்று சொல்வது எப்படி? – ஒரு பொத்தானின் வரலாறு

ஒரு பெண்ணின் தந்தைக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருப்பதாக மருத்துவர் கூறுகிறார். அன்றிரவே அவள் கைபேசியில் அந்நோயைப் பற்றி நாலைந்து வீடியோக்களைப் பார்க்கிறாள். இரண்டு மாதங்களில் தந்தை காலமாகிவிடுகிறார். காரியங்கள் எல்லாம் முடிந்து, மனம் சற்று ஆற ஒரு பாட்டுக் கேட்கலாம் என்று யூடியூபைத் திறந்தால், முதல் வரிசையிலேயே டயாலிசிஸ் இயந்திரத்தின் படம் நிற்கிறது. அதை ஒதுக்கினால் அதன் கீழே இன்னொன்று. இது கற்பனை உதாரணந்தான். ஆனாலும் வாசகர்களில் பலருக்கு இதைப் போன்ற அனுபவம் ஏதேனும் இருந்திருக்கும். நோய்க்குப் பதில் விபத்துக் காட்சியாகவோ, பேய்க் கதையாகவோ இருந்திருக்கலாம்.

ஒவ்வொரு வீடியோவின் தலைப்புக்கு அருகிலும் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. அவற்றைத் தொட்டால் 'ஆர்வமில்லை' என்ற வாசகம் வரும். அதைத் தொட்டவுடன் அந்த வீடியோ மறைந்துவிடும். ஆனால் அதன் உற்றார் உறவினர் மறைவதில்லை. ஏன்? இதற்கு விடை காண நாம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

அட்டையில் ஒரு துளை

ஹான்ஸ் பீட்டர் லூன் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். நெசவுத் தொழிலில் இருந்தபோது துணியின் இழைகளை எண்ணும் அளவுகோல் ஒன்றைக் கண்டுபிடித்தார். பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். உங்கள் வங்கி அட்டையின் கடைசி இலக்கம் எண் சரிதானா என்று சோதிப்பதற்காக இருக்கிறதே, அந்த முறையும் இவருடையதே.

விஞ்ஞானக் கட்டுரைகள் மலைபோல் குவிந்துகொண்டிருந்த காலம் அது. எல்லாவற்றையும் எல்லோரும் படிக்க இயலாது. 1958-இல் லூன் ஒரு வழி கூறினார். ஒவ்வொருவருக்கும் எதில் நாட்டம் என்பதைச் சில சொற்களின் பட்டியலாகக் கணிப்பொறியில் பதிந்து வைப்பது. புதிதாக வரும் கட்டுரையின் சொற்களை அப்பட்டியலுடன் ஒப்பிடுவது. பொருந்தினால் மட்டும் சுருக்கத்தை அவருக்கு அனுப்புவது. 1960-களில் இம்முறை நடைமுறைக்கு வந்தபோது, சுருக்கத்துடன் ஓர் அட்டையும் சென்றது. அனுப்பியது பயன்பட்டதா, தொடர்பற்றதா என்பதைப் பெறுபவர் அட்டையில் துளையிட்டுத் திருப்பியனுப்புவார். அதைக் கொண்டு அவருடைய சொற்பட்டியல் திருத்தப்படும். இன்றைய 'ஆர்வமில்லை' பொத்தானின் பாட்டன் அந்தத் துளைதான் எனலாம்.

கூட்டலும் கழித்தலும்

அந்தத் துளையைக் கணக்காக மாற்றியவர் ஜோசப் ராக்கியோ. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் சால்ட்டன் தொடங்கிய தேடல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த மாணவர் இவர். 1960-களின் நடுவில் இவர் வகுத்த முறை 1971-இல் நூல் வடிவில் வெளியாயிற்று.

அதை ஒரு தமிழ் உதாரணத்தால் விளக்குவோம். 'திங்கள்' என்ற சொல்லைக் கொடுத்து ஒருவர் கட்டுரைகளைத் தேடுகிறார். அவருக்கு வேண்டியது நிலா. கிடைத்தவற்றில் சில நிலாவைப் பற்றியவை. சில திங்கட்கிழமையைப் பற்றியவை. எவை வேண்டும், எவை வேண்டாம் என்று அவர் குறித்துக் காட்டுகிறார். வேண்டியவற்றில் வரும் 'பிறை', 'கோள்' போன்ற சொற்களுக்குக் கணிப்பொறி மதிப்பைக் கூட்டுகிறது. வேண்டாதவற்றில் வரும் 'கிழமை', 'விடுமுறை' போன்றவற்றுக்குக் கழிக்கிறது. அடுத்த முறை தேடும்போது நிலா முன்னால் வந்துவிடும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. கூட்டுவதும் கழிப்பதும் ஒரே அளவில் நடப்பதில்லை. பாடநூல்கள் பொதுவாகக் கூறும் அளவு, விருப்பத்துக்கு 0.75, மறுப்புக்கு 0.15. அதாவது 'வேண்டும்' என்பதற்கு உள்ள பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் 'வேண்டாம்' என்பதற்கு. இதில் ஓரவஞ்சனை எதுவும் இல்லை. நமக்குப் பிடித்தவை பெரும்பாலும் ஒரு பக்கமாகத் திரண்டிருக்கும். பிடிக்காதவை நாலாபக்கமும் சிதறிக் கிடக்கும். உணவு விடுதியில் "இட்லி வேண்டும்" என்றால் பரிமாறுபவருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. "பூரி வேண்டாம்" என்றால் அவருக்கு என்ன தெரிகிறது? எண்ணெய் ஆகாதா, கோதுமை ஆகாதா, அல்லது நேற்றுத்தான் பூரி சாப்பிட்டோமா? மறுப்பில் செய்தி குறைவு. எனவே அதை நம்பி அதிக தூரம் செல்வது கணிப்பொறிக்கு ஆபத்து.

ஆணையாக இருந்த காலம்

ஆனால் மறுப்பு என்பது எப்போதுமே இப்படி மெலிந்த குரலாக இருந்ததில்லை. 1979-80-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் யூஸ்நெட் என்ற வலையமைப்பைத் தொடங்கினார்கள். பல ஊர்க் கணிப்பொறிகள் ஒன்றுக்கொன்று செய்திகளைக் கைமாற்றிக்கொள்ளும் விவாத மன்றம் அது. சில ஆண்டுகளிலேயே செய்திகள் தலைக்கு மேல் போயின. மின்னணு அஞ்சலிலும் இதே தொல்லை. கணிப்பொறி அறிஞர் பீட்டர் டென்னிங் 1982-லேயே 'மின்னணுக் குப்பை' பெருகிவிட்டதென்று எழுதினார்.

1984-இல் லாரி வால் என்பவர் யூஸ்நெட் செய்திகளைப் படிப்பதற்காக 'ஆர்.என்.' என்ற நிரலை எழுதினார். பிற்காலத்தில் 'பெர்ல்' மொழியை உருவாக்கியவர் இவரே. அந்நிரலில் 'கில் ஃபைல்' என்றொரு வசதி இருந்தது. கொலைப் பட்டியல் என்று பொருள்! வேண்டாத ஆளின் பெயரையோ, வேண்டாத தலைப்பையோ அதில் எழுதி வைத்தால் போதும். அப்பெயரோ தலைப்போ கொண்ட செய்திகள் ஏற்கெனவே படித்தவையாகக் குறிக்கப்பட்டுவிடும், கண்ணில் படா. பட்டியல் வாசகரின் கையிலேயே இருந்தது. அதைத் திறந்து படிக்கலாம், ஒரு வரியை அடிக்கலாம், சேர்க்கலாம். ஏன், எதற்கு என்று கணிப்பொறி கேட்காது; சொன்னபடி செய்யும். சிறுநீரகம் என்று எழுதியிருந்தால் சிறுநீரகம் என்ற தலைப்பே வராது. குறை இல்லாமல் இல்லை. ஒரு எழுத்து மாறினாலும் செய்தி தப்பி நுழைந்துவிடும்.

அண்டை வீட்டுக்காரர் சொன்னால்

இக்குறையைப் போக்க வேறொரு பாதை பிறந்தது. 1992-இல் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுக்கூடத்தார் 'டாபெஸ்ட்ரி' என்ற அமைப்பை விவரித்தார்கள். ஒருவர் படித்துவிட்டு எழுதிவைக்கும் குறிப்பைக் கொண்டு மற்றவர் தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் கருத்து. 1994-இல் 'குரூப்லென்ஸ்' யூஸ்நெட் வாசகர்களிடம் ஒவ்வொரு செய்திக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்டது. கமலாவும் முருகனும் இதுவரை ஒரே மாதிரி மதிப்பெண் தந்திருந்தால், கமலாவுக்குப் பிடித்த புதுச் செய்தி முருகனுக்கும் பிடிக்கும் என்று கணக்கிட்டது. செய்தி எதைப் பற்றியது என்பதைக் கணிப்பொறி அறிய வேண்டிய தேவையே இல்லை. அக்காலத்திலேயே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'ரிங்கோ' இசைக்கு இதைச் செய்தது. அதில் மதிப்பெண் 7 வரை. மிகக் குறைந்த 1 என்பதற்குக் காதடைப்பான் கொண்டு வா என்ற பொருளில் விளக்கம் தந்திருந்தார்கள்!

முறை அழகானதுதான். ஆனால் அன்றைக்கே நம் மறுப்பின் தன்மை மாறிவிட்டது. அதுவரை அது ஆணை. அன்று முதல் அது கோடிக்கணக்கான எண்களில் ஓர் எண். கணக்கு எப்படி முடிகிறதோ அப்படித்தான் விளைவு.

1999-இல் வந்த 'டிவோ' என்ற தொலைக்காட்சிப் பதிவுக் கருவியில் கட்டைவிரலை மேலே காட்டும் பொத்தானும் கீழே காட்டும் பொத்தானும் இருந்தன. நேயரின் ரசனையை ஊகித்துக் கருவி தானாகவே நிகழ்ச்சிகளைப் பதியும். 2002-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் ஒரு வேடிக்கையை வெளியிட்டது. கருவி தன்னைப் பற்றித் தவறாக முடிவு கட்டிவிட்டது என்று எண்ணிய நேயர் ஒருவர், அதைத் திருத்தப் போர்ப் படங்களாகப் பதிவு செய்தாராம். கருவி உடனே நாஜித் தலைவர்களைப் பற்றிய படங்களைப் பதிய ஆரம்பித்துவிட்டது.

யூடியூபின் கணக்கு

யூடியூப் 2005-இல் தொடங்கி, அடுத்த ஆண்டே கூகுள் வசமாயிற்று. தொடக்கத்தில் நேயர்கள் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பிடலாம். ஆனால் மிகப் பெரும்பாலோர் கொடுத்தது ஐந்தே. பிடிக்காதவர்கள் நட்சத்திரம் தர நிற்காமல் போய்விட்டார்கள். 2010-இல் நட்சத்திரங்கள் நீங்கிக் கட்டைவிரல்கள் வந்தன.

அதே ஆண்டில் அந்நிறுவனப் பொறியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏறத்தாழ ஒரு நாளுக்குள் ஒரே நேயரால் பார்க்கப்படும் இரு வீடியோக்கள் உறவுள்ளவை என்று கொள்வதே அன்றைய முறை. முகப்பில் மக்கள் தொட்டவற்றில் சுமார் 60 சதவீதம் பரிந்துரைகளே. 2012-இல், எத்தனை பேர் தொட்டார்கள் என்பதை விட்டு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முதலிடம் தரப்பட்டது. 2016-இல் வெளியான கட்டுரை, நரம்பு வலைப் பின்னல் எனப்படும் கணிப்பொறி முறையால் கோடிக்கணக்கான வீடியோக்களிலிருந்து முதலில் சில நூறு, பிறகு அவற்றில் சில எனப் பொறுக்கியெடுப்பதை விவரித்தது. அதில் ஒரு செய்தியை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். நேயர்கள் வாய்விட்டுச் சொல்லும் விருப்பு வெறுப்பைக் காட்டிலும், அவர்கள் பார்த்தார்கள் என்ற தகவல் பன்மடங்கு அதிகமாகக் கிடைப்பதால் அதைக் கொண்டே இயந்திரத்தைப் பயிற்றுவித்தார்கள்.

நம் உதாரணப் பெண்ணின் நிலை இப்போது விளங்கும். நாலைந்து வீடியோக்களைத் தந்தைக்காகக் கடைசிவரை பார்த்தாள். அது உரத்த 'வேண்டும்'. பிறகு ஒரு முறை 'ஆர்வமில்லை' என்றாள். அது மெல்லிய 'வேண்டாம்', அதுவும் ஒரு வீடியோவுக்கு. வீட்டில் ஒரே கைபேசி என்றால் சிக்கல் இன்னும் பெரிது. தம்பியின் கிரிக்கெட்டும் பாட்டியின் கோலமும் எல்லாம் ஒரே ஆளின் ரசனை என்றே இயந்திரம் கருதும்.

ஒரு சோதனை

2019 ஜூனில் ஒரு சேனலையே பரிந்துரைக்க வேண்டாம் என்று கூறும் பொத்தானும் சேர்ந்தது. இவை உண்மையில் எவ்வளவு பயன்படுகின்றன? 'மொசில்லா' அமைப்பு 2022 செப்டம்பரில் விடை தந்தது. தாமாக முன்வந்த 22,722 பேரின் கணிப்பொறிகளில் ஒரு சிறு நிரலைப் பொருத்தி, வேண்டாத வீடியோவை அவர்கள் ஒதுக்கும்போதெல்லாம் அதைப் போன்றவை பிறகு வருகின்றனவா என்று கவனித்தார்கள். ஒரு குழுவினருக்குப் பொத்தான் யூடியூபுக்கு எதுவுமே சொல்லாது. ஒப்பிடுவதற்காக அந்த ஏற்பாடு. மொத்தம் 50 கோடிக்கு மேற்பட்ட பரிந்துரைகள் திரண்டன.

சேனலை ஒதுக்கும் பொத்தான் வேண்டாத பரிந்துரைகளில் 43 சதவீதத்தைத் தடுத்தது. பார்த்த வரலாற்றிலிருந்து வீடியோவை அழிப்பது 29 சதவீதம், கீழ்நோக்கிய கட்டைவிரல் 12, 'ஆர்வமில்லை' 11. கடைசியில் உள்ளதைப் பாருங்கள். வராமல் இருக்க வேண்டிய நூற்றில் 89 வந்துகொண்டே இருந்தன. யூடியூப் இம்முடிவை ஏற்கவில்லை. தங்கள் பொத்தான்கள் ஒரு பொருளையே முழுதாக மறைப்பதற்காக ஏற்பட்டவை அல்ல, அப்படி மறைத்தால் நேயர் ஒரே கருத்துக்குள் அடைபட்டுவிடுவார் என்பது அதன் வாதம். அரசியல் செய்திக்கு இது பொருந்தலாம். டயாலிசிஸ் படத்துக்குப் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை.

அழிப்பது எவ்வாறு?

ஆகவே அவள் செய்யத்தக்கது, வேரைத் தேடிச் செல்வது. பார்த்த வரலாற்றைத் திறந்து அந்த நாலைந்து வீடியோக்களையும் அழிக்க வேண்டும். தேடிய சொற்கள் தனியே சேமிக்கப்படுவதால் அவற்றையும் அழிக்க வேண்டும். ஒரே சேனல் மீண்டும் மீண்டும் தலைகாட்டினால் அதை ஒதுக்கலாம். இனி நோயைப் பற்றித் தேட நேர்ந்தால், வரலாற்றுப் பதிவை முன்பே நிறுத்திவைத்துவிட்டுப் பார்க்கலாம்.

2023 ஆகஸ்டிலிருந்து இன்னொரு வழியும் உண்டு. வரலாற்றுப் பதிவை அடியோடு நிறுத்தி, பழைய பதிவையும் துடைத்தவர்களுக்கு யூடியூப் முகப்பில் பரிந்துரைகளே வருவதில்லை. தேடும் பெட்டியோடு பக்கம் வெறுமையாக இருக்கும். அதே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் ஒன்றும் மிகப் பெரிய தளங்களுக்கு நடைமுறைக்கு வந்தது. நேயரின் நடத்தையைக் கணிக்காத பரிந்துரை முறை ஒன்றையேனும் அவை அங்கு அளித்தாக வேண்டும்.

'ஆர்வமில்லை' என்று நாம் சொன்னவையும் கூகுள் கணக்கில் 'எனது செயல்பாடு' என்ற பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கின்றன. தந்தைக்குப் பிடித்த பழைய பாட்டுகளின் சேனலையும் அவள் அன்றைய துக்கத்தில் ஒதுக்கியிருந்தால், அங்கே சென்று அக்குறிப்பை நீக்கிவிடலாம்.