கருப்பு எண்ணெயை எப்போது மாற்றுவது? மீட்டரை மட்டும் பார்த்தால் போதாது

‘இன்னும் 10,000 கிலோமீட்டர் ஆகவில்லையே, அதற்குள் எதற்கு ஒர்க்‌ஷாப்?’ கார் வைத்திருக்கும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. சர்வீஸ் முடிந்ததும் கார் கண்ணாடியின் மூலையில் ஒட்டப்படும் சிறிய ஸ்டிக்கரைப் பார்த்தால், கிலோமீட்டரோடு ஒரு தேதியும் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தேதியைப் பெரும்பாலோர் கண்டுகொள்வதில்லை.

நம் நாட்டில் அதிகம் ஓடும் பெரோடுவா கார்களுக்கு, முதல் சோதனைக்குப் பிறகு 10,000 கிலோமீட்டர் அல்லது 6 மாதம் என்பது சர்வீஸ் கணக்கு. இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போதே எண்ணெயை மாற்ற வேண்டும். மற்ற கார்களின் கணக்கு, காரோடு வந்த கையேட்டில் இருக்கும். மினரல் எண்ணெய் ஊற்றினால் 5,000 கிலோமீட்டர் என்று ஒர்க்‌ஷாப்பில் எழுதிக் கொடுப்பது வழக்கம். ஃபுல்லி சிந்தெட்டிக் என்றால் 10,000 வரை தாங்கும்.

ஓடாத காருக்குத் தேதி எதற்கு என்ற கேள்வி எழலாம். தோட்டத்திலிருந்து 4 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தமிழ்ப்பள்ளிக்குக் காலையில் பிள்ளைகளை விட்டுத் திரும்பி, மதியம் மீண்டும் போய் அழைத்து வரும் காரை எடுத்துக்கொள்ளலாம். 6 மாதத்தில் அது 2,000 கிலோமீட்டரைக்கூடத் தொடாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் எஞ்சின் நன்றாகச் சூடேறுவதற்குள் நிறுத்தப்படுகிறது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவியில் கொஞ்சமும், சரியாக எரியாத பெட்ரோலில் கொஞ்சமும் எண்ணெயில் கலக்கும். நீண்ட தூரம் ஓடினால் அந்தச் சூட்டில் இவை ஆவியாகிவிடும். குறுகிய ஓட்டத்தில் அப்படியே தங்கி எண்ணெயைக் கெடுக்கும். வாரந்தோறும் ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் போய்வரும் காரின் எண்ணெய், இந்தப் பள்ளிக்கூடக் காரின் எண்ணெயைவிட நல்ல நிலையில் இருந்தால் ஆச்சரியமில்லை.

பட்டணத்துக் கார்களுக்கு வேறு தொல்லை. நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றால் எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். மீட்டர் மட்டும் நகர்ந்திருக்காது. செம்மண் சாலையில் ஓடும் கார்களுக்கோ தூசிதான் எதிரி. அவர்கள் ஏர் ஃபில்டரையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

மாற்றாமல் விட்டால் எண்ணெய் தடித்துச் சேறுபோல் படியும். மைவி போன்ற கார்களில் வால்வுகளின் நேரத்தை மாற்றும் அமைப்பு எண்ணெயின் அழுத்தத்தில்தான் இயங்குகிறது. அதன் நுண்ணிய துளைகள் அடைபட்டால் எஞ்சின் இரையும், இழுவை குறையும். எண்ணெய் மாற்ற நூறு, இருநூறு வெள்ளி என்றால், எஞ்சினைப் பிரித்து வேலை செய்ய ஆயிரக் கணக்கில் போகும். ஒரே காரை நம்பி வேலைக்கும் மருத்துவமனைக்கும் போகிற குடும்பத்துக்கு இது சிறிய விஷயமல்ல.

பழைய கார் வைத்திருப்பவர்கள் அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் எண்ணெயின் அளவையும் பார்க்க வேண்டும். அதிகம் ஓடிய எஞ்சின் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். சிறிய காரில் மொத்தமே சுமார் 3 லிட்டர்தான். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலே ஆபத்து. சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, அளவுக் கம்பியை எடுத்துத் துடைத்து, மீண்டும் முழுதாக விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு குறிகளுக்கு இடையில் இருந்தால் சரி. மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான், எண்ணெய் நுரைத்துவிடும்.

எண்ணெய் கறுத்திருந்தால் உடனே பயப்பட வேண்டியதில்லை. அழுக்கைக் கரைத்துத் தன்னுள் வைத்துக்கொள்வது அதன் வேலை. டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கம்பியில் பால் கலந்த காப்பி போலத் தெரிந்தால்தான் கவலை. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கலாம். அந்தக் காரை ஓட்டக்கூடாது.

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு எண்ணெய் விளக்கை ‘எண்ணெய் மாற்றும் நேரம்’ என்று நினைத்து வீடு வரை ஓட்டி வருபவர்கள் உண்டு. எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணைக்க வேண்டும். இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரத்திலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளலாம்.

எந்த எண்ணெய் என்பதற்குக் கையேட்டில் உள்ள எண்ணே பதில். 0டபிள்யூ-20 கேட்கும் புதிய எஞ்சினில், நம் வெயிலுக்கு நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது தவறு. ஃபில்டரையும் கூடவே மாற்றிவிட வேண்டும். சந்தை விலையைவிட மிக மலிவாகக் கிடைக்கும் பிரபல பெயர் கொண்ட டின்களிடம் எச்சரிக்கை தேவை. போலி எண்ணெய் இங்கு பலமுறை பிடிபட்டிருக்கிறது. காருக்கு வாங்கி மிஞ்சியதை மோட்டார் சைக்கிளில் ஊற்றுவதும் வேண்டாம். பல மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கிறது, வழுக்கத் தொடங்கிவிடும்.

வீட்டிலேயே எண்ணெய் மாற்றுபவர்கள் பழையதைக் கரையானுக்கு என்று வேலிக்கட்டையில் பூசுவதும், மீதியைக் கால்வாயில் கொட்டுவதும் தோட்டப்புறங்களில் பழகிப்போன ஒன்று. 2005ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிமுறைகளின்படி கழிவு எண்ணெய் அபாயக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. பழைய டின்னிலேயே அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால், கழிவு எண்ணெய் சேகரிப்பவர்கள் வரும்போது அவர்கள் ஒப்படைத்துவிடுவார்கள்.