முடிவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே: ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படைகள் விலகிய வரலாறு, 1979–1989

ஆப்கானிஸ்தானிலிருந்து சோவியத் படைகள் வெளியேறியதைப் பற்றிய ஆய்வுகளுள் பெரும்பாலானவை, அவை ஏன் வெளியேறின என்ற கேள்வியையே மையமாகக் கொண்டுள்ளன. அமெரிக்க ஏவுகணைகளா, பொருளாதார நெருக்கடியா, கோர்பச்சேவின் சீர்திருத்த நோக்கமா என்னும் விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் சோவியத் ஒன்றியம் கலைந்த பின் வெளிவந்த பொலிட்பீரோ கூட்டக் குறிப்புகளையும், கோர்பச்சேவின் உதவியாளராயிருந்த அனத்தோலி செர்னியாயெவின் நாட்குறிப்பையும் காலவரிசையில் வைத்துப் படிக்கும்போது, அதைவிட உறுத்தலான வேறொரு கேள்வி எழுகிறது. வெளியேறியே ஆக வேண்டும் என்ற முடிவு 1985 அக்டோபரிலேயே எட்டப்பட்டிருக்க, படைகள் எல்லையைக் கடந்து முடிக்க 1989 பிப்ரவரி வரை ஏன் ஆயிற்று? அந்த மூன்றாண்டு நான்கு மாத இடைவெளியே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். பின்னிரு ஆண்டுகளின் உயிரிழப்புக்குப் போரில் வெல்லும் நம்பிக்கை காரணமாகவில்லை, மானம் கெடாமல் விலகும் வழியைத் தேடியதே காரணம் என்பது இதன் வாதம்.

படை நுழைந்த விதத்தை அறியாமல் விலகலின் சிக்கலை விளங்கிக்கொள்ள இயலாது. 1978 ஏப்ரலில் காபூலில் ஆட்சியைப் பிடித்த மக்கள் ஜனநாயகக் கட்சி, அடுத்த ஆண்டு மார்ச்சில் ஹெராத் நகரில் வெடித்த எழுச்சியை அடக்க முடியாமல் மாஸ்கோவிடம் படை கேட்டது. சோவியத் கம்யூனிஸ்டுக் கட்சியின் உச்ச முடிவெடுக்கும் குழுவான பொலிட்பீரோ அக்கோரிக்கையை அப்போது மறுத்தது. ஒரு புரட்சியைத் தங்கள் துப்பாக்கிமுனையால் மட்டுமே தாங்கிப்பிடிக்கும் நிலை வந்தால் அது ஏற்கத்தக்கதன்று என அக்கூட்டத்தில் வாதிட்டவர், உளவு அமைப்பான கேஜிபியின் தலைவர் ஆந்த்ரோபோவ். அதே மனிதர் ஒன்பதே மாதங்களில், பாதுகாப்பு அமைச்சர் உஸ்தினோவ், வெளியுறவு அமைச்சர் குரோமிக்கோ ஆகியோருடன் சேர்ந்து படையெடுப்பை முன்மொழிந்தார். இடையில் அதிபர் தராக்கி, தம் கட்சிக்காரரான ஹஃபிசுல்லா அமீனின் ஆட்களால் கொல்லப்பட்டிருந்தார். அமீன் அமெரிக்காவின் பக்கம் சாய்வார் என்ற ஐயம் மாஸ்கோவில் வேர்விட்டிருந்தது.

1979 டிசம்பர் 12ஆம் நாளிட்ட தீர்மானத்தைக் கட்சிச் செயலாளர் செர்னென்கோ தம் கைப்பட எழுதியிருக்கிறார். தட்டச்சரின் கண்ணில்கூடப் படக்கூடாது என்ற எச்சரிக்கையுடன் எழுதப்பட்ட அத்தாளில் நாட்டின் பெயர் இல்லை, 'அ' என்ற ஓர் எழுத்தே உண்டு. படை என்ற சொல்லும் இல்லை, 'நடவடிக்கைகள்' என்றே காணப்படுகிறது. மார்ச்சில் படை அனுப்புவதை எதிர்த்த பிரதமர் கோசிகினின் கையொப்பம் அதில் இடம்பெறவில்லை. படைத்தலைமை அதிகாரி ஒகார்கோவ் தெரிவித்த எதிர்ப்பும் ஒதுக்கித் தள்ளப்பட்டது. டிசம்பர் 25 அன்று படைகள் எல்லையைக் கடந்தன; 27 அன்று தாஜ்பெக் மாளிகையில் அமீன் கொல்லப்பட்டு, பாப்ரக் கார்மல் பதவியில் அமர்த்தப்பட்டார். பெயர் சொல்லாமல் தொடங்கிய போரிலிருந்து பெயர் சொல்லி விலகுவது கடினம் என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

அந்த மறைப்பு எவ்வளவு ஆழமாகச் சென்றது என்பதற்கு 1981 ஜூலை 30 அன்று நடந்த பொலிட்பீரோ உரையாடல் ஒன்று சான்று. இறந்த வீரர்களின் கல்லறைக்கல்லுக்காகக் குடும்பத்துக்கு ஆயிரம் ரூபிள் வழங்கலாமா என்ற பேச்சு அங்கே எழுந்தது. பணம் பெரிதன்று, ஒரே இடுகாட்டில் இத்தகைய கற்கள் பல எழுந்தால் அரசியல் வகையில் அது சரியாக இராது என்றார் கட்சியின் கொள்கை வகுப்பாளர் சுஸ்லோவ். இன்னும் காலம் வரவில்லை என ஆந்த்ரோபோவ் உடன்பட்டார். படையின் சங்கேத மொழியில் 'சரக்கு 200' எனக் குறிக்கப்பட்ட துத்தநாகப் பெட்டிகள் மூடி முத்திரையிட்டபடியே ஊர் வந்து சேர்ந்தன. மகன் பன்னாட்டுக் கடமையை நிறைவேற்றுகையில் இறந்தான் என்று மட்டுமே பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. எந்த மண்ணில் இறந்தான் என்பதைக் கல்லில் பொறிக்க அவர்களுக்கு உரிமை இருக்கவில்லை. ஓர் அரசு தன் குடிமக்களுக்கு இழைத்த இந்த அவமதிப்பு, போரின் பிற கொடுமைகளுக்குக் குறைந்ததன்று.

1982 ஜூனில் ஐக்கிய நாடுகள் அவையின் தூதர் தியேகோ கோர்டோவேஸ் நடுவராயிருக்க ஜெனிவாவில் மறைமுகப் பேச்சு தொடங்கியது. ஆந்த்ரோபோவ் பொதுச் செயலாளரான பின் தீர்வில் ஆர்வம் காட்டினார் எனினும், அவரது நோயும் 1984 பிப்ரவரியில் நேர்ந்த மரணமும் அம்முயற்சியைத் தடுத்தன. அவ்வாண்டே சோவியத் படைக்கு இழப்பு மிகுந்த ஆண்டு. 2,343 பேர் இறந்தனர்.

1985 மார்ச்சில் பொதுச் செயலாளராகப் பொறுப்பேற்ற கோர்பச்சேவ், அக்டோபரில் மாஸ்கோ வந்த கார்மலிடம், 1986 கோடைக்குள் தம் புரட்சியைத் தாமே காத்துக்கொள்ள ஆப்கானியர் கற்றாக வேண்டும் எனக் கூறினார். அடுத்து, அக்டோபர் 17 அன்று கூடிய பொலிட்பீரோவில் பொதுமக்கள் எழுதிய கடிதங்களை அவர் உரக்கப் படித்ததைச் செர்னியாயெவ் பதிவு செய்துள்ளார். மகன்களை இழந்த தாய்மார்களும் பணியிலிருந்த படைவீரர்களும் எழுதிய அக்கடிதங்கள், இந்தப் பன்னாட்டுக் கடமை யாருக்காக என்று கேட்டன. கார்மல் ஒத்துழைத்தாலும் இல்லாவிட்டாலும் விரைவில் விலகும் பாதையில் உறுதியாகச் செல்வதென்று கோர்பச்சேவ் அறிவித்தபோது, எவரும் எதிர்க்கவில்லை. 1986 பிப்ரவரியில் நடந்த கட்சிப் பேராயத்தில் ஆப்கானிஸ்தானை இரத்தம் கசியும் புண் என அவர் வெளிப்படையாகவே வருணித்தார்.

இந்நாட்களின் வரிசை, பரவலாக நம்பப்படும் ஒரு கருத்தைத் திருத்தக் கோருகிறது. தோளில் சுமந்து ஏவக்கூடிய அமெரிக்க 'ஸ்டிங்கர்' ஏவுகணையே சோவியத் படையை விரட்டியது எனப் பலர் எழுதியுள்ளனர். முஜாஹிதீன்கள், அதாவது காபூல் அரசை எதிர்த்த ஆயுதக் குழுக்கள், அதனை முதன்முதலில் பயன்படுத்தியது 1986 செப்டம்பரில். விலகும் முடிவோ அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னரே எட்டப்பட்டிருந்தது. அந்த ஏவுகணை போரின் செலவைக் கூட்டியிருக்கலாம். முடிவுக்கு வித்திட்டது அது என்று கொள்ள நாட்கணக்கு இடம் தரவில்லை.

அவ்வாறெனில் தாமதம் எங்கிருந்து வந்தது? 1986 நவம்பர் 13 கூட்டத்தின் குறிப்புகள் இதற்கு விடை தருகின்றன. சோவியத் வீரனின் கால் படாத இடம் அந்நாட்டில் இல்லை, ஆயினும் பெரும்பகுதி நிலம் எதிரிகளின் கையிலேயே இருக்கிறது என்று அங்கே விளக்கிய மார்ஷல் அக்ரமேயெவ், ஆப்கான் மக்களை வெல்லும் போராட்டத்தில் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொண்டார். இப்படியே போனால் இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் போரிட நேரும் என்றார் கோர்பச்சேவ். 1987இல் பாதிப் படையையும் 1988இல் எஞ்சியதையும் திருப்பி அழைப்பது இலக்காக வைக்கப்பட்டது. தோல்வியை இவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்த அவையில் வகுக்கப்பட்ட அத்திட்டத்தின் முதற்பாதி நிறைவேறாமலே 1987 கழிந்தது.

காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கார்மலை அகற்றி 1986 மே மாதம் கட்சித் தலைமையில் அமர்த்தப்பட்ட நஜிபுல்லா, 'தேசிய நல்லிணக்கம்' என்ற பெயரில் எதிரணியினருடன் ஆட்சியைப் பகிர முன்வந்தார். அது கனியக் காலம் வேண்டும் என்றனர் மாஸ்கோவில் சிலர். பாகிஸ்தான் வழியாகச் செல்லும் அமெரிக்க ஆயுதம் நிற்கும் என்ற உறுதிமொழியும் எதிர்பார்க்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கௌரவம் குறுக்கே நின்றது. பழியை முந்தைய தலைமையின் மீது போட்டுவிட்டு உடனே கிளம்பிவிடலாம்தான், ஆனால் இந்தியா கவலைப்படும், ஆப்பிரிக்க நாடுகள் கவலைப்படும் என்று 1987 பிப்ரவரியில் கோர்பச்சேவ் பொலிட்பீரோவில் கூறியிருக்கிறார். நட்பு நாடுகளின் மதிப்பீட்டுக்காக இருபது வயது இளைஞர்களைப் போர்முனையில் நிறுத்திவைத்தது அறத்தின்படி ஏற்கத்தக்கதா என்ற கேள்வியை அக்குறிப்புகளைப் படிப்பவர் தவிர்க்க முடியாது.

ஈற்றில் 1988 ஏப்ரல் 14 அன்று ஆப்கானிஸ்தானும் பாகிஸ்தானும் ஜெனிவாவில் உடன்பாடுகளில் ஒப்பமிட்டன. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உறுதி அளிப்பவர்களாகக் கையெழுத்திட்டன. இத்தனை காலம் காத்திருந்து பெற நினைத்த உறுதிமொழி அதில் கிடைக்கவில்லை. காபூலுக்கு மாஸ்கோ ஆயுதம் தரும்வரை தானும் எதிரணிக்குத் தரும் உரிமையை அமெரிக்கா விட்டுக்கொடுக்கவில்லை. மே 15 அன்று விலகல் தொடங்கி, ஆகஸ்டு நடுவில் பாதிப் படை நாடு திரும்பியது.

இறுதி மாதத்திலும் தயக்கம் ஓயவில்லை. 1989 ஜனவரியில் காபூல் சென்று திரும்பிய வெளியுறவு அமைச்சர் ஷெவர்த்நாட்ஸே, ஒரு பகுதிப் படையை அங்கேயே தங்கவைக்க வாதிட்டார்; செர்னியாயெவ் போன்றோர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். காபூலை வடக்கோடு இணைக்கும் சாலாங் கணவாய்ச் சாலையை ஒட்டிய ஊர்கள் மீது அம்மாத இறுதியில் 'சூறாவளி' என்ற பெயரில் பெருந்தாக்குதல் நடந்தது. அப்பகுதியின் முஜாஹிதீன் தளபதி அகமது ஷா மசூத், விலகும் படையைத் தாக்கப்போவதில்லை என முன்னரே தெரிவித்திருந்தார். நஜிபுல்லாவின் வற்புறுத்தலுக்கு இணங்கி நடந்த அத்தாக்குதலில் மடிந்தோருள் பொதுமக்கள் பலர். ஏறத்தாழ மூன்று வாரங்களில், பிப்ரவரி 15 அன்று, சோவியத் தளபதி போரிஸ் குரோமோவ் எல்லையிலுள்ள தெர்மேஸ் பாலத்தைக் கடந்தார்.

தாமதத்தால் நஜிபுல்லாவின் அரசு நிலைபெறக் காலம் கிடைத்தது, ஆகவேதான் அது 1992 ஏப்ரல் வரை தாக்குப்பிடித்தது என்பது எதிர்வாதம். 1989 மார்ச்சில் ஜலாலாபாத் முற்றுகையை அவ்வரசின் படை தனித்தே முறியடித்தது உண்மை. ஆனால் அவ்வரசைத் தாங்கி நிறுத்தியவை மாஸ்கோ அனுப்பிய ஆயுதமும் எரிபொருளும் பணமுமே. அவை 1992 தொடக்கத்தில் நின்ற நான்கே மாதங்களில் அரசு வீழ்ந்தது. அந்த உதவியை 1986லேயே படையின்றி அளித்திருக்க முடியாதா என்பதற்கு எதிர்வாதத்தில் நிறைவான விடை இல்லை.

1989 ஆகஸ்டில் 'பிராவ்தா' நாளிதழ் ஆண்டுவாரியாக வெளியிட்ட பட்டியலின்படி, இறந்த சோவியத் வீரர்கள் 13,833 பேர். இவர்களுள் 1986இல் 1,333 பேரும், 1987இல் 1,215 பேரும், 1988இல் 759 பேரும், 1989இல் 53 பேரும் உயிரிழந்தனர். விலகும் முடிவு எட்டப்பட்ட ஆண்டுக்குப் பின் மட்டும் 3,360 பேர், அதாவது மொத்த இழப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாகிஸ்தானுக்கும் ஈரானுக்கும் அகதிகளாகச் சென்ற ஆப்கான் தரப்பில், உயிரிழப்பை இவ்வாறு ஆண்டுவாரியாகக் கணக்கிட்டு வெளியிட அரசு ஏதும் முன்வரவில்லை.

1989 டிசம்பர் 24 அன்று சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேராயம், படை அனுப்பிய முடிவு அறவகையிலும் அரசியல் வகையிலும் கண்டிக்கத்தக்கது எனத் தீர்மானித்தது. 1979இல் பொதுச் செயலாளராயிருந்த பிரெஷ்னேவ், உஸ்தினோவ், ஆந்த்ரோபோவ், குரோமிக்கோ ஆகிய நால்வர் அடங்கிய சிறு வட்டமே அம்முடிவுக்குப் பொறுப்பு என அது கூறிற்று. அந்நால்வரும் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். நுழைவு குறித்த அத்தீர்ப்பு, முடிவுக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே கழிந்த ஆண்டுகளைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்களுள் பலர் அன்று ஆட்சியிலிருந்தனர்.