பாய்ஸ் கம்பெனியின் வாத்தியார்

திரையுலகம் தலையெடுக்கும் முன்னர், தமிழ்நாட்டின் இசைநாடக மேடையில் ஆசிரியர், பாட்டுப் புனைபவர், பயிற்சியளிப்பவர் என்ற பல பொறுப்புகளையும் 'வாத்தியார்' என்ற ஒருவரே சுமந்து நின்றார். அந்த ஸ்தானத்துக்கு இலக்கணமாக விளங்கியவர் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேஷமிட்டுப் பிரசித்தி பெற்றவர், பின்னர் நடிப்பைத் துறந்து, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை என்ற சிறுவர் நாடகக் குழுவை, அதாவது பாய்ஸ் கம்பெனியை, நிறுவி, தி.க. சண்முகம் போன்ற சிறுவர்களுக்கு வசனத்தையும் பாட்டையும் உச்சரிப்புப் பிசகாமல் ஊட்டினார். அச்சிறுவர்களுக்காக அபிமன்யு நாடகத்தை, பாட்டும் வசனமுமாக, ஒரே இரவில் அவர் எழுதி முடித்ததைச் சண்முகம் வியப்போடு பதிவு செய்திருக்கிறார். என் மனத்தை நெகிழ்விப்பது அந்த வேகமன்று, பாடப்போகும் பிள்ளையின் குரலறிந்து எழுதிய பரிவே.

வாத்தியாருக்கு அடுத்தபடி மதிக்கத்தக்கவர் ஆர்மோனியக்காரர். காலால் துருத்தியை மிதித்துக்கொண்டே, நடிகனுக்குச் சுருதி கொடுத்து, அவன் தளரும் இடத்தில் பின்பாட்டுப் பாடித் தாங்கிய அவரும் மிருதங்கக்காரரும் இல்லாவிடில் நாடகமே இல்லை. ஸ்பெஷல் நாடகத்திலோ, வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த நடிகர்கள் ஒத்திகையின்றி மேடையிலேயே சந்தித்து, விடியும்வரை சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகத்தை நடத்தினர். அவர் எழுதிய பாடம் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்ததால் அது சாத்தியமாயிற்று. 1922-இல் அவர் மறைந்த பின்னரும், மதுரை வட்டாரத்துத் திருவிழாக்களில் அப்பாடமே வழங்கி வருகிறது.